ரொக்கம் வாங்கிய அட்டை

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவரை எல்லோரும் ‘ரொக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கே வேலை. கட்டிலிலிருந்து மகளின் சைக்கிள் வரை எதை வாங்கினாலும் முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுத்தான் பொருளைத் தொடுவார். சம்பளம் வந்த மறுநாளே வங்கிக்குப் போய் அவ்வளவையும் நோட்டாக எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு, சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்வார். கூட வேலை செய்கிற யாராவது தவணையில் வண்டி வாங்கி வந்து நிறுத்தினால் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்பார். “முன் சக்கரம் உன்னோடது. பின் சக்கரம் எப்போ உன்னோடதாகும்?” என்று கேட்பார்.

கெட்ட மனிதர் இல்லை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. “மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மா. இந்தக் கயிறு பத்து யானையத் தாங்கும், நீங்க ஒரு ஆள்தான?” என்று சொல்லி அழுகிறவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் ஒரே ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவர் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல ஆகிவிடும். அந்த ஒருவர் அவருடைய சகலை, மனைவியின் தங்கை புருஷன்.

சகலை செயற்கைப் பல் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் தன்னுடைய சின்ன லேபில் உட்கார்ந்து பல்லாகச் செய்து கொடுப்பார். ரொக்கத்தைவிட ஒன்பது வயது இளையவர். எப்போது பார்த்தாலும் இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய சென்ட் வாசனை. “பல்லக் காட்டிப் பொழைக்கறவன்” என்று ரொக்கம், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தன் மனைவியிடம் சொல்வார். முதல் தடவை மனைவி சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

வருமானத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதுதான் ரொக்கத்தை அரித்தது. பணக்காரனாக இருந்தால் போகிறான் என்று விட்டுவிடலாம். தன்னைப்போலவே சம்பாதிக்கிறவன் வீட்டில் எப்படி மாதத்துக்கு ஒரு புதுச் சாமான் வந்து இறங்குகிறது? சகலை எதற்கும் ஒரு கருநீல நிற கிரெடிட் கார்டைத்தான் நீட்டுவார். ஓரத்தில் வெள்ளிக் கோடு போட்ட கார்டு. ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஃப்ரிட்ஜின் கதவிலேயே ஐஸ் கொட்டியது. மைத்துனி ஆசையாக, “மாமா, நீங்களே டம்ளர வெச்சுப் பாருங்க” என்றாள். வைத்தார். கலகலவென்று ஐஸ் விழுந்தது. “ம், நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்காமலேயே டம்ளரை மேஜைமேல் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் தன் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து போய் அவரே லிஃப்ட் கதவு ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார். இரண்டு வருடமாக அந்த ஒட்டைப் பற்றி அவருக்குப் பெருமை. அன்றைக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாமியாருக்கு எழுபது வயது நிறைந்த நாளில் உறவுக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஓட்டலுக்குப் போனார்கள். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் செலவு தன்னுடையது என்று ரொக்கம் மூன்று மாதத்துக்கு முன்பே மனதில் முடிவு செய்து வைத்திருந்தார். தினமும் டீயில் ஒன்றைக் குறைத்து, பஸ்ஸுக்கு பதிலாக நடந்து, ஒரு கவரில் பணம் சேர்த்திருந்தார். சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் வந்தது. ரொக்கம் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பில் வரவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “தம்பி, பில்” என்றார்.

“கட்டியாச்சே சார். அந்த சார் கட்டிட்டாரு.”

கை கழுவப் போகிற சாக்கில் சகலை கவுண்டரில் கார்டைத் தட்டிவிட்டு வந்திருந்தார்.

“நான்தான் குடுக்கறதா இருந்தேன்” என்றார் ரொக்கம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“யாரு குடுத்தா என்னண்ணே?” என்றார் சகலை. “இந்தக் கார்டுல சாப்பாட்டு பில்லுன்னா பத்து பர்சன்ட் நமக்கே திரும்ப வந்துடும்.”

மாமியார் சின்ன மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக் கொடுத்தார். “சின்னவருக்குக் கை ரொம்பத் தாராளம்” என்று எதிரே இருந்தவர்களிடம் சொன்னார். ரொக்கத்தின் கவர் உள்பையிலேயே கிடந்தது. தாராளம் என்ற பெயரும் அவனுக்கு, பத்து சதவீதமும் அவனுக்கா? கையிலிருந்து எண்ணிக் கொடுத்தால் எவன் பத்து சதவீதம் திருப்பித் தருகிறான்? வீடு வந்து சேரும்வரை அவர் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் இன்னொன்று நடந்தது. ரொக்கம் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் அடிக்குழிக்குள் இறங்கி கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒரு குழிக்குள்தான் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து இறங்கும்போது வலது முழங்கால் ஒரு சத்தம் போடும். குழிக்குள் நின்றபடி போனைப் பார்த்தார். மைத்துனி படங்கள் அனுப்பியிருந்தாள். நீலக் கடல், வெள்ளை மணல், விமானத்தின் ஜன்னல், சகலையின் தலையில் வைக்கோல் தொப்பி.

சாயங்காலம் மனைவியிடம் கேட்டார். “ஃப்ளைட்டுல போற அளவுக்கு அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

“டிக்கெட் ஃப்ரீயாம். செலவு பண்ணப் பண்ண கார்டுல சேர்ந்த பாயின்ட்ட வெச்சு நாலு பேருக்கும் எடுத்தாங்களாம்.”

“ஃப்ரீயா?”

“ஆமா. ஏன் இப்படி முழிக்கறீங்க?”

செலவு செய்து போயிருந்தால்கூட ரொக்கம் பொறுத்திருப்பார். கடன்காரன், அனுபவிக்கிறான், நாளைக்குத் தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பார். ஓசியில் போனான் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பிறந்ததிலிருந்து ஒழுங்காகக் காசு கொடுத்தவனுக்குக் குழியும் கிரீஸும், கடன் வாங்கியவனுக்குக் கடலும் மணலுமா?

மறுநாள் மதியம் வேலைக்கு நடுவே அவர் வங்கிக்குப் போய் கார்டுக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அங்கே மேஜையில் இருந்த பெண் அவரை உட்காரச் சொன்னாள்.

“சார், உங்களுக்கு கார்டு கிடைக்கலயே. ரிஜெக்ட் ஆயிடுச்சு.”

“ஏம்மா? நான் யாருக்கும் ஒரு காசு பாக்கி வெச்சதில்லயே.”

“அதான் சார் விஷயம். நீங்க கடனே வாங்கினதில்ல. வாங்கியிருந்தாத்தான ஒழுங்கா கட்டற ஆளா, இல்லையான்னு தெரியும்? உங்களப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியல.”

“இருபத்திரெண்டு வருஷமா என் சம்பளம் உங்க பேங்க்லதாம்மா விழுது!”

“விழுது சார். மறுநாளே மொத்தமும் எடுத்துடறீங்களே.”

அந்தப் பெண்ணுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். வங்கியில் ஒரு தொகையை டெபாசிட்டாகப் போட்டால், அதில் எண்பது சதவீதம் வரைக்கும் செலவு செய்யும்படி ஒரு கார்டு தருவார்கள்.

“என் பணத்த உங்ககிட்ட குடுத்துட்டு, அதையே நான் உங்ககிட்ட கடனா வாங்கணுமா?”

“ஆமா சார்.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் எழுந்து வந்திருப்பார். அன்றைக்கு வைக்கோல் தொப்பி கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒன்றரை மாதச் சம்பளத்தை டெபாசிட்டாகப் போட்டு, அவள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

கார்டு வந்தது. வெளிர்ப்பச்சை நிறம். வெள்ளிக் கோடு இல்லை. அதைக் கம்பெனி முகவரிக்கு வரவழைத்து, மனைவிக்குத் தெரியாமல் ஸ்பானர் பெட்டியின் அடித்தட்டில் வைத்தார். முதல் தடவை கடையில் தட்டியபோது மெஷின் ‘கீங்’ என்றது. கையிலிருந்து எதுவும் குறையவில்லை, ஆனால் பொருள் தன்னுடையதாகிவிட்டது. அந்த அதிசயத்தில் அவர் இரண்டு நாள் மிதந்தார்.

பிறகு அவருக்கு ஒரே குறிக்கோள்தான்: பாயின்ட். தினமும் மதியம் போனில் பாயின்ட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். வேண்டியது, வேண்டாதது என்று பார்க்காமல் ஷூ வாங்கினார், மகளுக்குப் பெரிய பை வாங்கினார், கம்பெனியில் எல்லோருக்கும் டீயை அவரே கார்டில் வாங்கிவிட்டு அவர்களிடம் சில்லறை வசூலித்தார். “ரொக்கத்துக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் சகலை வீட்டில் இருக்கும் அதே கம்பெனி வாஷிங் மெஷின், அதே மாடல், ஒரு கிலோ பெரியது, வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

“ஏது பணம்?” என்று கேட்டாள் மனைவி.

“போனஸ்.”

“இந்த மாசத்துலயா?”

“குடுத்தாங்க. வேணாம்னா சொல்ல முடியும்?”

மாதக் கடைசியில் வங்கியிலிருந்து வந்த தாளில் இரண்டு தொகைகள் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதுக்குப் பக்கத்தில் ‘செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை’ என்று எழுதியிருந்தது. செலுத்த வேண்டியது என்று அவர்களே சொல்லும்போது அதைச் செலுத்தினால் போதாதா? இவ்வளவுதானா கிரெடிட் கார்டு, இதற்கா நான் இத்தனை வருஷம் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டு சின்னதைக் கட்டினார். அடுத்த மாதமும் அப்படியே. பெரிய தொகை குறையாமல் கொஞ்சம் கூடித்தான் வந்தது. அதை அவர் கவனித்தார். ஆனால் பாயின்ட்டும் கூடியிருந்தது.

இனி பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வங்கிப் பாக்கி இல்லை, ஓட்டல் பாக்கி. மாமியாரையும் சகலை குடும்பத்தையும் அதே ஓட்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. “சும்மாதான், எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு நாளாச்சுல்ல” என்றார். மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சகலை வீட்டு ஐஸ் தண்ணீரைக் குடிக்காதவருக்கு இப்போது என்ன வந்தது?

சாப்பாடு முடியும் நேரத்தில் ரொக்கம், “கை கழுவிட்டு வந்துடறேன்” என்று எழுந்தார். அதே கவுண்டர். பச்சைக் கார்டை எடுத்து மெஷின்மேல் வைத்தார். ‘கீங்’ வரவில்லை. வேறு ஏதோ சத்தம் வந்தது.

“சார், போகல.”

“இன்னொரு தடவ போடுங்க.”

போட்டார்கள். மெஷினுக்குள் செருகிப் பார்த்தார்கள். துடைத்துப் பார்த்தார்கள். “லிமிட் முடிஞ்சிடுச்சுன்னு காட்டுது சார்” என்றான் கவுண்டரில் இருந்தவன், பின்னால் நின்ற வரிசைக்கும் கேட்கிற குரலில். உள்பையில் கை விட்டார் ரொக்கம். இருபத்திரண்டு வருடமாக நோட்டு இருந்த இடத்தில் இன்றைக்கு எதுவும் இல்லை. கார்டு இருக்கிறதே என்று கொண்டுவரவில்லை.

திரும்பிப் பார்த்தால் சகலை நின்றுகொண்டிருந்தார், நிஜமாகவே கை கழுவ வந்தவர். அவர் பார்வை பச்சைக் கார்டில் ஒரு நொடி நின்று விலகியது. “நெட்வொர்க் சரியில்ல போல, சில சமயம் இப்படித்தாண்ணே ஆகும்” என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பைக்கு அவர் கை போனது. ரொக்கம் அந்தக் கையை வெறித்துப் பார்த்தார். அது பையை விட்டு வெளியே வந்தால் செத்தே போய்விடுவோம் என்று அவருக்கு இருந்தது.

“தம்பி, இருங்க. நான் குடுக்கறேன்.”

மனைவியின் குரல். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து ஒரு கார்டை எடுத்தாள். கருநீலம். ஓரத்தில் வெள்ளிக் கோடு. மெஷின் உடனே ‘கீங்’ என்றது. அவள் அதைத் திரும்ப வைக்கும்போது அதன்மேல் மனைவியின் பெயர் புடைத்த எழுத்தில் இருப்பதை ரொக்கம் படித்தார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மகள் முன்னால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவர் கேட்டார்.

“அது யாரு கார்டு?”

“என்னோடது.”

“உன் கண்ணாடிக் கடைச் சம்பளத்துக்கு வெள்ளிக் கோடு போட்ட கார்டு தர்றாங்களா? அது அவனோடதுதான?”

மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “ஆமா. அவரு கணக்குல என் பேருக்கு எடுத்த கூடுதல் கார்டு. தங்கச்சிதான் எடுக்கச் சொன்னா. நான் செலவு பண்ணினத மாசாமாசம் அஞ்சாம் தேதி அவளுக்கு அனுப்பிடுவேன். ஒரு நாள் தள்ளினதில்ல.”

“என் பொண்டாட்டி பேரு அவன் கார்டுல எதுக்கு? எத்தன நாளா?”

“ரெண்டு வருஷமா.”

“எதுக்குன்னு கேக்கறேன்!”

அவள் மடித்த துண்டை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். “நீங்க குழியில விழுந்தீங்களே, அன்னிக்கு ஞாயித்துக்கெழம. ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டாம ஆபரேஷன் பண்ண மாட்டேன்னுட்டாங்க. வீட்டுல இருந்த நோட்ட எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன், கால்வாசிகூட வரல. தம்பிதான் வந்து கார்டப் போட்டாரு. மொத்தப் பில்லும் அவரு கார்டுலதான் போச்சு.”

“கம்பெனி இன்ஷூரன்ஸ்ல கட்டினாங்கன்னு சொன்ன?”

“இன்ஷூரன்ஸ்காரங்க ஒத்த காசு தரல. நீங்க பாதுகாப்பு பெல்ட் போடாம எறங்கினீங்களாம். கட்டில்ல படுத்துக்கிட்டிருந்த ஆளுகிட்ட அத எப்படிச் சொல்றது? பத்து மாசம் என் சம்பளத்துலேர்ந்து கட்டி முடிச்சேன். வட்டியில்லாத தவணையா மாத்திக் குடுத்தாரு. இனிமே அவசரம்னா அவர எதிர்பாத்துக்கிட்டு நிக்க வேணாம்னு இந்தக் கார்டு.”

ரொக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“யாருக்கும் கடன்பட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே,” என்றாள் அவள், “நீங்க ஊணி நிக்கற காலே கடன்ல வந்ததுதான்.”

அவர் குனிந்து வலது முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு ரொக்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. வரக்கூடாத சந்தேகம்தான். “அவ்வளவு பெரிய பில்லு. அதுக்கும் பாயின்ட் வந்திருக்குமே?”

மனைவி இன்னொரு துண்டை எடுத்து உதறினாள். “வந்திருக்கும்.”

“அதுலதான் ஃப்ளைட்டு டிக்கெட்டா?”

“பாதி அதுலதான்னு தங்கச்சி சொன்னா.”

“அப்போ என் கால் ஒடைஞ்சதுக்கு அவன் கடலுக்குப் போனானா!”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ரொக்கம் சிரிக்கவில்லை. எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல இருந்தது. அதைவிட இன்னொன்று அவரைச் சுட்டது. இரண்டு வருடமாக எத்தனை சந்திப்பு, எத்தனை குத்தல் பேச்சு. ‘பின் சக்கரம் எப்போ உன்னோடதாகும்’ என்று சகலையிடமே கேட்டிருக்கிறார். ‘உங்க காலு எப்போண்ணே உங்களோடதாச்சு’ என்று அவன் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருக்கலாம். பெருந்தன்மையிலும் அவன்தான் முன்னால் நிற்கிறானா?

அன்றைக்கே பச்சைக் கார்டின் கதையும் வெளியே வந்தது. வங்கித் தாளை வாங்கிப் பார்த்த மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, என்னங்க இது? குறைஞ்சபட்சத்த மட்டும் கட்டினா மீதிக்கு வட்டி ஓடிக்கிட்டே இருக்குமே. கடைசித் தேதிக்குள்ள மொத்தத்தையும் கட்டினாத்தான் இது லாபம். இல்லன்னா கந்துவட்டிக்காரனே தேவல.” அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தத் தேதியில் பில் போடுவார்கள், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், எந்தச் செலவுக்குப் பாயின்ட் இல்லை என்பதுவரை. மூன்று மாதத்தில் அவர் சேர்த்த பாயின்ட்டைக் கணக்குப் பார்த்துச் சொன்னாள். ஒரு குடை வாங்கலாம். வட்டியாகப் போனதில் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

டெபாசிட்டை உடைத்து, கார்டுப் பாக்கியை மொத்தமாகக் கட்டினார்கள். எஞ்சிய கொஞ்சத்தைத் திரும்ப டெபாசிட்டாகப் போட்டு, மனைவி சொன்னதற்காகக் கார்டை மூடாமல் வைத்துக்கொண்டார். ஆனால் கருநீலக் கார்டு வீட்டில் இருக்கக்கூடாது என்பதில் அவர் ஒரே பிடியாக நின்றார். அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு சகலையின் லேபுக்குப் போனார். போகிற வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். அந்தப் பாயின்ட் யாருடையது? கேட்டே தீருவது.

லேப் இரண்டு அறை. அச்சு வார்க்கிற வெள்ளை மாவின் வாசனை. சுவரோரம் தட்டுத் தட்டாக யார் யாருடைய தாடைகளோ பல்லிளித்துக்கொண்டிருந்தன. சகலை நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஒரு ஒற்றைப் பல்லுக்குச் சின்னத் தூரிகையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த இஸ்திரிச் சட்டைக்கு மேலே அழுக்கு ஏப்ரன். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. இந்த ஆளை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று ரொக்கத்துக்குத் தோன்றியது.

“வாங்கண்ணே! உக்காருங்க. இத விட்டா காஞ்சிடும், ரெண்டே நிமிஷம்.”

ரொக்கம் கார்டை மேஜைமேல் வைத்தார். சகலை அதைப் பார்த்தார். தூரிகை நிற்கவில்லை.

“பாயின்ட் விஷயமும் அக்கா சொல்லிட்டாங்களா?”

“சொன்னா.”

“பாதிப் பாயின்ட்ட உங்களுக்கு மாத்திடறேன்னு சொன்னேண்ணே. அக்காதான் வேணாம்னாங்க. மாத்தினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு பயம்.” பிறகு பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், “கடல்ல நிக்கும்போது எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு” என்றார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் ரொக்கத்துக்கு மறந்துபோனது. சகலை பல்லைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? ரொக்கத்தின் வாயைப் பார்த்தார்.

“அண்ணே, கீழ வலது பக்கம் ஒரு பல்லு இல்லயே. எப்போ போச்சு?”

“அது போயி மூணு வருஷம் ஆச்சு. இப்போ எதுக்கு அது?”

“நான் செஞ்சு தர்றேண்ணே. அச்சு எடுக்கறதும் மாட்டறதும் டாக்டர் வேல, அவரு நம்ம ஆளுதான். பல்லு என் செலவு.”

“உன் செலவுன்னா வேணாம். காசு வாங்கிக்கிட்டா செய்.”

“உங்ககிட்டப் போயி…”

“காசு வாங்கிக்கிட்டா செய்யி. இல்லன்னா பல்லே இல்லாம இருந்துட்டுப் போறேன்.”

சகலை தூரிகையைக் கழுவி வைத்தார். பிறகு விலையைச் சொன்னார். குறைத்துச் சொல்லவில்லை, வெளியாட்களுக்கு என்ன விலையோ அதே விலை. ரொக்கம் உள்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். “எண்ணிக்க” என்றார். சகலை ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். நடுவில் இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்து, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். ஒரு பில்லும் எழுதிக் கொடுத்தார். கல்யாணமான நாளாகச் சகலை தன்னிடமிருந்து காசு வாங்கியது அதுதான் முதல் தடவை என்று ரொக்கம் நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது முழங்கால் சத்தம் போட்டதையும் அவர் கவனிக்கவில்லை.

பல் கச்சிதமாக அமைந்தது. மாமியார் அடுத்த தடவை இவர்கள் வீட்டுக்கு வந்தபோது, “மாப்பிள்ளை சிரிச்சா இப்போ களையா இருக்கே, யாரு செஞ்ச பல்லு?” என்று கேட்டார். சொன்னார்கள். “பாத்தீங்களா, சின்னவரு கை பட்டா எதுவும் தனிதான்” என்றார் மாமியார். காசு கொடுத்தவன் நான், கடிக்கிறவன் நான், வாயும் என் வாய், பெயர் மட்டும் அவனுக்கா என்று ரொக்கத்துக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஆனால் முன்போல இரண்டு நாள் நீடிக்கவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் அடங்கிவிட்டது.

அடங்கியதற்கு வேறு காரணமும் உண்டு. கருநீலக் கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு மனைவி தன் பெயரிலேயே ஒரு கார்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். அவள் தன் சம்பளத்தை மறுநாளே எடுத்துவிடுகிறவள் இல்லை. கண்ணாடிக் கடை இடைவேளையில் போனிலேயே விண்ணப்பித்தாள். சாயங்காலத்துக்குள் சரி என்று பதில் வந்துவிட்டது. டெபாசிட் எதுவும் கேட்கவில்லை. கருஞ்சிவப்பு நிறக் கார்டு, ஒரு நல்ல கவரில் அவள் பெயருக்கு வீட்டுக்கே வந்தது.

ரொக்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாக, “உனக்கு லிமிட் எவ்வளவு குடுத்திருக்காங்க?” என்றார்.

“எதுக்கு?”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

அவள் சொன்னாள். அவருடையதைப்போல நான்கு மடங்கு.

“ஓ,” என்றார் ரொக்கம். “பரவாயில்லையே.” பிறகு ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கிப் போனார். அன்றைக்கு அவர் மதியம் சாப்பிடவில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள்.